குதிரையின் காலைப் பாருங்கள்

தோட்டத்தில் ஒருவர் கறவை மாடு வாங்கப் போகிறார் என்றால் தனியாகவா போகிறார்? மாடு பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டுதான் போகிறார். அந்தப் பெரியவர் மாட்டின் கழுத்தில் தொங்கும் மணியைப் பார்ப்பதில்லை. மடியைப் பார்க்கிறார், காம்பைப் பார்க்கிறார், இடுப்பின் அகலத்தைப் பார்க்கிறார். நாலு அடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்க்கிறார். கடைசியில் வாயைத் திறந்து பல்லையும் பார்த்துவிடுகிறார். அதன் பிறகுதான் விலைப்பேச்சு. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அந்த மாட்டின் மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

இதே கண்ணோடு ஒரு குதிரையைப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"வாத்தியாரே, தோட்டத்து மக்களுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பந்தயக் குதிரை லாயங்களில் சைஸ் வேலை பார்த்தவர்களில் நம்மவர்களும் உண்டு. இப்போது பட்டணங்களை ஒட்டிக் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே லாயத்து வேலைக்குப் போகிறார்கள். பள்ளி விடுமுறையில் குதிரையேறிப் பார்க்கப் போகிற சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படிப் போகிற பிள்ளை முதல் நாள் எதைப் பார்க்கிறது? பிடரி மயிரையும் பளபளக்கும் தோலையும்தான். "இந்தக் கறுப்புக் குதிரைதான் எனக்கு வேண்டும்" என்று அடம் பிடிக்கிறது. அந்தக் கறுப்புக் குதிரைக்கு முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அது இடறி விழும்போது பிள்ளையும் சேர்ந்துதான் விழ வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் பல, குதிரையேற்றப் பள்ளிகளுக்கு வந்து சேர்கின்றன. 1842-இல் சங்கம் அமைத்துத் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. அங்கிருந்த குதிரைகளுக்கெல்லாம் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பந்தயக் குதிரைகளை இரண்டு வயதிலேயே ஓடவிடுவது உண்டு. அந்த இளம் வயதில் பட்ட பாடெல்லாம் காலில் எழுதியிருக்கும். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு லாயத்தில் மதிப்பும் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

நம் முன்னோர் குதிரை பார்க்காதவர்கள் அல்லர். அவர்கள் பெரும்பாலும் சுழி பார்த்தார்கள். நெற்றியில் சுழி இருந்தால் இன்ன பலன், தோளில் இருந்தால் இன்ன பலன் என்று கணக்கு வைத்திருந்தார்கள். மயிர்ச்சுழி குதிரையைத் தாங்குவதில்லை, கால்தான் தாங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை இங்குள்ள மன்னர்கள் விலை கொடுத்து வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லையாம். குதிரை வைத்தியமும் பராமரிப்பும் தெரிந்தவர் அங்கே இல்லை என்றும், அப்படிப்பட்டவர்கள் அங்கே வராதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். பயணி எழுதிய எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அந்த வணிகர்களின் தந்திரம் நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. வாங்குபவனுக்குப் பார்க்கத் தெரியாதவரை விற்பவனுக்குக் கொண்டாட்டம் அல்லவா?

சரி, குதிரையின் பக்கம் போவோம். முதலில் எங்கே நிற்பது? குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது சுற்றிலும் நன்றாகப் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கு மிக அருகிலும் நிற்பது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து தொட்டால் பயப்படும், பயந்தால் உதைக்கும். ஆகவே பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாக நெருங்க வேண்டும். சேணத்தில் ஏறுவதும் வழக்கமாக இடது பக்கத்திலிருந்துதான். பின்னாலிருந்து பார்க்க வேண்டுமானால் எட்டாத தூரத்தில் நின்று பாருங்கள்.

பத்து அடி தள்ளி நின்று முழு உருவத்தையும் ஒருமுறை பாருங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், மாட்டுக்குத் திமில் இருக்கும் இடத்தில், குதிரைக்கு ஒரு மேடு இருக்கிறது. அதைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். குதிரையின் உயரத்தைத் தலை உச்சியிலிருந்து அளப்பதில்லை. இந்தத் தோள்மேட்டிலிருந்துதான் தரை வரைக்கும் அளக்கிறார்கள். அளவும் அடிக்கணக்கில் அல்ல, 'கை'க் கணக்கில். ஒரு கை என்பது 4 அங்குலம். பதினாலரைக் கைக்கு மேற்படாததை, அதாவது சுமார் 148 செண்டிமீட்டர் வரை உள்ளதை, மட்டக் குதிரை என்கிறோம். சபாவில் கோத்தா பெலுட் பகுதியில் பஜாவ் இன மக்கள் ஏறித் திரிவது இப்படிப்பட்ட சிறு குதிரைகளில்தான். பந்தயக் குதிரை ஏறக்குறைய 16 கை இருக்கும்.

நெஞ்சின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரைக்கும் உள்ள நீளமும், தோள்மேட்டின் உயரமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், சவாரிக் குதிரைக்கு அது நல்ல கட்டு. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சதுரத்துக்குள் அடங்கினாற்போல் இருக்கும். முதுகு மிக நீண்டிருந்தால் நடுவில் சுமை தாங்கும் வலு குறையும். நீளமான பலகையின் நடுவில் ஆள் நின்றால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியுமே, அதேதான்.

இப்போது காலுக்கு வருவோம். வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒன்று செய்யுங்கள். நடுவிரலின் நுனியை மட்டும் மேசைமேல் ஊன்றி, மற்ற விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் மேலே தூக்கி நிற்கட்டும். அதுதான் குதிரையின் முன்னங்கால்! குதிரை காலுக்கு ஒற்றை விரலால், அதுவும் விரலின் நுனியால் நடக்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். முன்னங்காலில் முழங்கால் என்று நாம் சொல்கிறோமே, அது உண்மையில் நம் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு நம் குதிகால். குதிரையின் உண்மையான முழங்கால் பின்னங்காலின் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒரு பையன், "அப்படியென்றால் குதிரை எப்போதும் நுனிக்காலில்தான் நிற்கிறதா, சார்?" என்று கேட்டான். நுனிக்காலில்கூட இல்லை, நகத்தின் மேல் நிற்கிறது என்றோம்.

இந்த மெல்லிய காலில் எவ்வளவு சுமை? சவாரிக் குதிரை ஒன்று 450 அல்லது 500 கிலோகிராம் எடை இருக்கும். அதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டுமே தாங்குகின்றன. தலையும் கழுத்தும் முன்பக்கம் இருப்பதே காரணம். அப்படியானால் சும்மா நிற்கும்போதே ஒரு முன்னங்காலுக்கு 150 கிலோகிராம் வரை வருகிறது. பாய்ந்து ஓடும்போது ஒரு முன்னங்கால் மட்டும் தரையைத் தொடும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் அந்த ஒற்றைக் காலில் இறங்கும் விசை, குதிரையின் முழு எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனையும் தாங்கும் காலில், முன்முட்டிக்குக் கீழே சதை என்பதே கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். நம் கெண்டைக்கால்போல் அடியை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஆகையால் கால் கோணலாக இருந்தால், அந்தக் கோணலுக்கான விலையை மூட்டும் தசைநாணும் கொடுத்தாக வேண்டும்.

கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது? கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதையே மனத்தால் செய்யுங்கள். குதிரையைச் சமதரையில், நான்கு காலிலும் எடை சமமாக விழும்படி நிறுத்தச் சொல்லி, முன்னால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். நெஞ்சின் இரு பக்கத்திலும் தோள் எலும்பின் முனை துருத்தியிருக்கும். அங்கிருந்து தூக்குநூல் விட்டால் அது முட்டியின் நடுவிலும், அதற்குக் கீழுள்ள எலும்பின் நடுவிலும், கணுவின் நடுவிலும், குளம்பின் நடுவிலும் விழ வேண்டும். குளம்பின் நுனி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? அந்தக் குதிரை நடக்கும்போது கால் உள்பக்கமாக வளைந்து வீசும். சில வேளை அடுத்த காலிலேயே இடித்துக்கொள்ளும். உள்பக்கம் திரும்பியிருக்கிறதா? கால் வெளிப்பக்கமாகத் துடுப்புப் போடும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஒரு காலை மற்றொன்று இடிக்காது என்பதால், மிதமாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு பக்கவாட்டில் வந்து முன்முட்டியைப் பாருங்கள். முட்டி சற்று முன்னால் மடங்கினாற்போல் நிற்கும் குதிரையும் உண்டு, பின்னால் வளைந்து நிற்கும் குதிரையும் உண்டு. பார்வைக்கு முன்னதுதான் மோசமாகத் தெரியும், இப்போதே மண்டியிட்டு விழுந்துவிடும்போல. ஆனால் அஞ்ச வேண்டியது பின்னால் வளைந்த முட்டிக்குத்தான். எடை இறங்கும்போது அந்த மூட்டின் முன்பக்கத்து எலும்புகள் ஒன்றையொன்று நசுக்கும். பின்பக்கத் தசைநாண் இழுபடும். பந்தயத்தில் எலும்புச் சில்லு தெறிப்பது இப்படிப்பட்ட முட்டிகளில் அதிகம்.

குளம்புக்கும் கணுவுக்கும் நடுவே சரிவாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. லாரிக்கு அடியில் இரும்புப் பட்டைகளை அடுக்கி ஸ்பிரிங் வைத்திருப்பார்களே, குதிரைக்கு அந்த ஸ்பிரிங் இதுதான். முன்னங்காலில் இது தரையோடு ஏறத்தாழ 45 முதல் 50 பாகை வரை சரிந்திருப்பது நல்லது. பின்னங்காலில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். செங்குத்தாக நின்றால் ஸ்பிரிங் இல்லாத லாரிதான்: ஒவ்வோர் அடியும் மூட்டில் இறங்கும், மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் அதைச் சொல்லும். நீண்டு மிகவும் சரிந்திருந்தால் சவாரி தொட்டிலில் ஆடுவதுபோல் சுகமாக இருக்கும். ஆனால் அந்தச் சுகத்தைத் தசைநாண் சுமக்கிறது. இந்தச் சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஒரே கோடாக ஓட வேண்டும். கோடு நடுவில் ஒடிந்தால், பெரும்பாலும் குளம்பு சரியாகச் சீவப்படவில்லை என்று பொருள். பிறவிக் கோணல் அல்ல இது, லாடக்காரர் சரிசெய்யக்கூடியது. குளம்பு மாதம் ஒன்றுக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதைச் சீவியாக வேண்டும்.

முன்குளம்புகள் இரண்டும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் சிறுத்து, குறுகி நிமிர்ந்திருந்தால், நெடுநாளாகவே அந்தக் காலில் குதிரை எடையை ஊன்றவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். நம் நாட்டில் மழைக்கும் சேற்றுக்கும் குறைவில்லை. ஈரத் தரையிலேயே நிற்கும் குதிரையின் குளம்படியில், முக்கோண வடிவில் மெத்தென்று இருக்கும் பகுதி கறுத்து அழுகி நாற்றம் வீசும். கண்ணுக்கு முன்னால் மூக்கே இதைக் கண்டுபிடித்துவிடும். தினமும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, லாயத்துத் தரையைக் காயவைப்பதுதான் வழி.

பின்னங்கால்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உந்தித் தள்ளுவது அவற்றின் வேலை. பிட்டத்தின் முனையிலிருந்து தூக்குநூல் விட்டால், பின்னாலிருந்து பார்க்கும்போது குதிமூட்டின் நடுவிலும் குளம்பின் நடுவிலும் விழ வேண்டும். குதிமூட்டுகள் இரண்டும் நெருங்கி, குளம்புகள் வெளியே விலகி நின்றால் அதை மாட்டுக்கால் என்கிறார்கள். பாவம், மாடு! அதற்கு அது இயல்பு.

முதுகில் பார்க்க வேண்டியது சேணம் உட்காரும் இடம். தோள்மேடு தட்டையாக இருந்தால் சேணம் பக்கவாட்டில் சரியும். மிகவும் கூர்மையாக இருந்தால் சேணம் அதில் உரசிப் புண்ணாக்கும். வயதான குதிரைக்கு முதுகு குழிந்திருப்பது உண்டு; அதனாலேயே அதைக் கழித்துவிட வேண்டியதில்லை, சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பைப் பார்த்துப் போட வேண்டும். தலையைப் பொறுத்தவரை அழகு இரண்டாம் பட்சம். மூக்குத் துளை அகன்று இருக்கட்டும். குதிரையால் நம்மைப்போல் வாயால் மூச்சு விட முடியாது. ஓட்டத்தில் அதற்கு வேண்டிய காற்று முழுவதும் மூக்கின் வழியாகத்தான் போய் வர வேண்டும்.

தூக்குக்குண்டு சொல்வதுதான் முடிவா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் சீபிஸ்கட் என்று ஒரு குதிரை இருந்தது. உருவம் சிறியது, முட்டிகள் புடைத்துக் கோணலாக இருந்தன, ஓடும்போது ஒரு முன்னங்கால் வெளியே சுழன்று வீசும். 1938 நவம்பர் 1-ஆம் தேதி பிம்லிகோ மைதானத்தில் அது, அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த வார் அட்மிரல் என்ற குதிரையோடு தனியாகப் போட்டியிட்டு, நான்கு குதிரை நீளத்துக்கு முந்தி வென்றது. ஆஸ்திரேலியர் கொண்டாடும் ஃபார் லாப் 1930-இல் மெல்பர்ன் கோப்பையை வென்ற குதிரை. 1932-இல் அது இறந்த பிறகு இருதயத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள்: 6.2 கிலோகிராம்! சாதாரணக் குதிரையின் இருதயத்தைவிட மிகப் பெரியது. அந்த இருதயம் இன்றும் கான்பெர்ரா அரும்பொருளகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து எந்தக் கண் அதைச் சொல்லியிருக்கும்? ஆகவே கோணல் காலைக் கண்டவுடன் "இது உதவாக்கரை" என்று பேசும் பிள்ளையை நாம் திருத்த வேண்டும். கோணல் எங்கே என்று தெரிந்தால், எந்த வேலையை அந்தக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிகிறது. பின்னால் வளைந்த முட்டியுள்ள குதிரையைத் தாண்டவிடக் கூடாது. மெதுவாக நடக்கவிட்டு, முதன்முதலில் ஏறும் பிள்ளையைச் சுமக்க அது போதும். இன்னும் சொல்லப்போனால், புதிதாக ஏறுபவருக்கு, பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டி, சத்தத்துக்கெல்லாம் மிரளாமல் நிற்கும் சாதுக் குதிரைதான், கட்டு மஸ்தான மூன்று வயதுக் குதிரையைவிட மேல்.

நிற்கும்போது தெரியாதது நடக்கும்போது தெரியும். குதிரையை நேர்க்கோட்டில் துள்ளுநடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். முள் குத்திய காலோடு நாம் நடக்கும்போது உடம்பைத் தூக்கிக்கொள்கிறோமே, அப்படித்தான்.

நிற்கும் குதிரையும் சில சமயம் பேசும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரை ஒருமுறை குதிரையேற்றப் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தோம். போவதற்கு முன் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தோம்: குதிரை பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வாக நிற்பது வழக்கம், கவலை வேண்டாம், முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி வைத்து, எடை ஊன்றாமல் நின்றால் அது வலி. ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, தனக்காகச் சேணம் பூட்டி நிறுத்தியிருந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இது முன்காலை நீட்டி நீட்டி வைக்கிறது" என்றாள். லாயத்துக்காரர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். காலைத் தூக்கிப் பார்த்தபோது குளம்பின் அடியில் கூரான கல் ஒன்று ஆழமாகச் சிக்கியிருந்தது. கல்லை எடுத்தார், சேணத்தையும் அவிழ்த்துவிட்டார். அன்று அவளுக்கு வேறு குதிரை. அந்த லாயத்துக்காரர் போகும்போது அவளிடம், "பாப்பா, பெரியவளானதும் இங்கே வேலைக்கு வா" என்று சொன்னார்.

ஏறுவதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. குதிரையின் தோளருகில், அதன் வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். மண்டியிடாதீர்கள், உட்காராதீர்கள், குனிந்தால் போதும், விலக வேண்டியிருந்தால் உடனே விலகலாம். தோளிலிருந்து கையை எடுக்காமல் முட்டி வரைக்கும், முட்டியிலிருந்து கணு வரைக்கும், பிறகு குளம்பு வரைக்கும் தடவிக்கொண்டே வாருங்கள். வீக்கம் தட்டுப்படுகிறதா? சூடு தெரிகிறதா? அடுத்த காலையும் அப்படியே தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் ஏறலாம். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் பயிற்றுநரிடம், "ஐயா, இந்தக் கால் சுடுகிறது, தொட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அங்கவடியில் கால் வைக்க வேண்டாம்.